சோற்றுத் தட்டும் கைப்பேசியும்

சில மாதங்களுக்கு முன் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாட்டு நேரம். மூன்று வயதுப் பேத்தி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த கைப்பேசியில் கார்ட்டூன் யானை ஒன்று பாடிக்கொண்டிருந்தது. அம்மா பருப்புச் சாதத்தைப் பிசைந்து உருட்டி வாயருகே கொண்டுபோனால் வாய் தானாகத் திறந்தது. விழுங்கினாள். கண் மட்டும் திரையை விட்டு அசையவில்லை. தட்டில் இருப்பது பருப்பா ரசமா, பக்கத்தில் இருப்பது பீன்ஸ் பொரியலா என்று அவள் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. நடுவில் சார்ஜ் தீர்ந்து திரை கறுத்தது. வாயும் மூடிக்கொண்டது.

"தினமும் இதே கதைதான் மாமா. போன் இல்லாட்டி ஒரு வாய் இறங்காது. தப்புன்னு எனக்கும் தெரியுது. ஆனா பட்டினியா படுக்க வைக்க மனசு வரலை" என்றாள் அவள்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்கு முக்கியமாகப் பட்டது: "தெரியுது." பிள்ளைக்குக் காய்கறி வேண்டும், இனிப்பு குறைய வேண்டும், ஓடியாட வேண்டும், நேரத்தோடு தூங்க வேண்டும் என்பது தெரியாத பெற்றோர் இன்று அரிது. தெரிந்ததை அன்றாடம் செய்வதில்தான் தடுமாற்றம். அந்தத் தடுமாற்றத்துக்குக் கைப்பேசியையே துணைக்கு அழைக்க முடியுமா? குழந்தையின் கண்ணெதிரே வைத்த அதே கருவியைப் பெற்றோரின் கைக்கு மாற்றினால் என்ன ஆகும்? பத்தாண்டுகளுக்கும் மேலாக ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைப் பொறுமையாகச் சோதித்து வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடையில் நம்பிக்கையும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது.

இந்த வயது ஏன் முக்கியம்?

பிறந்த முதல் ஆண்டில் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். நடக்கவும் ஓடவும் தொடங்கியதும் மெலிந்து உயரும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் உடல் நிறைக் குறியெண், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து, ஆறு வயதுவாக்கில் மிகக் குறைந்த புள்ளியைத் தொட்டுவிட்டு மறுபடியும் ஏறத் தொடங்கும். இந்தத் திருப்பம் சீக்கிரமே வந்துவிடும் குழந்தைகள் பின்னாளில் உடல் பருமனுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்பதை 1984-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் ரோலண்ட்-கஷெராவும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினார்கள். பள்ளிக்கூடம் போவதற்கு முந்தைய ஆண்டுகளின் மீது மருத்துவ உலகின் கவனம் குவிந்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நாக்கைப் பற்றியது. ஒரு வயதில் எதைக் கொடுத்தாலும் வாயில் போட்டுப் பார்த்த பிள்ளை, இரண்டு வயதைத் தாண்டியதும் புதிய உணவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இது அடமோ வளர்ப்புக் குறையோ இல்லை. தானாக நடந்துபோய் எதையும் எடுத்துத் தின்னக்கூடிய வயதில், அறியாததை விலக்கும் அச்சம் உயிரைக் காத்திருக்கும். அந்தப் பழைய காவல் இன்றைக்கும் பீர்க்கங்காய்க் கூட்டைப் பார்த்து விழித்துக்கொள்கிறது. ஏறத்தாழ இரண்டிலிருந்து ஆறு வயது வரை இது உச்சத்தில் இருக்கும். அதே ஆண்டுகளில்தான் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாவற்றுக்கும் வீட்டில் ஓர் ஒழுங்கு படிகிறது.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த வயதுக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலசைத்துத் திரிய வேண்டும். அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாடியதாக இருக்க வேண்டும். உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். 2022-இல் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட 3 கோடியே 70 லட்சம் குழந்தைகள் அதிக எடையோடு இருந்ததாக அதே நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

ஸ்வீடனின் சோதனை

ஸ்வீடனில் குழந்தை நலம் காப்பதற்கென்றே நலமையங்கள் உண்டு. கட்டணம் கிடையாது. ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் பிறந்ததிலிருந்து பள்ளி சேரும்வரை அங்கே குறித்த வயதுகளில் வந்துபோகிறார்கள். எடை, உயரம் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, பெற்றோரிடம் பேசுவது எல்லாம் அங்குள்ள செவிலியரின் பொறுப்பு. அவருக்கு ஒரு குடும்பத்தோடு கிடைப்பது சில நிமிடங்கள்தான். மீதி நாட்களில் அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் யார் இருப்பது?

இந்த இடைவெளியைக் கைப்பேசியால் நிரப்ப முயன்றது கரோலின்ஸ்கா நிறுவனத்தின் பேராசிரியர் மாரி லோஃப் தலைமையிலான குழு. திட்டத்தின் பெயர் மினிஸ்டாப். நாட்டின் தென்கிழக்கில் உள்ள ஓஸ்தர்யோத்லாந்து வட்டாரத்தில் நாலரை வயதுக் குழந்தைகள் 315 பேரின் பெற்றோர் சேர்ந்தார்கள். சீட்டுக் குலுக்கல் முறையில் குடும்பங்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவுக்கு உணவும் உடற்பயிற்சியும் பற்றிய துண்டறிக்கை. மற்றொரு பிரிவுக்கு ஆறு மாதங்களுக்குக் கைப்பேசிச் செயலி.

செயலியை ஆறு மாதத்துக்கு வகுத்த விதம் எளிமையானது. இரண்டு வாரத்துக்கு ஒரு பொருள், மொத்தம் பன்னிரண்டு. காலை உணவு, மிட்டாய், காயும் பழமும், இடைவேளைத் தின்பண்டம், பானங்கள், துரித உணவு, தூக்கம், விருந்து நாட்களில் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக வரும். பெற்றோர் தங்கள் பிள்ளை அந்த வாரம் எத்தனை தடவை பழம் தின்றது, எத்தனை தடவை குளிர்பானம் குடித்தது, எவ்வளவு நேரம் ஓடியாடியது என்று பதிவார்கள். அவர்கள் பதிந்ததை வரைபடமாக்கி, ஒரு கருத்துரையோடு செயலி திருப்பிக் காட்டும். உணவியல் வல்லுநரிடமோ உளவியல் வல்லுநரிடமோ அதன் வழியாகவே கேள்வியும் கேட்கலாம்.

பலனை அளப்பதில் அவர்கள் காட்டிய கவனம் வியக்க வைக்கிறது. "என் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது" என்ற பெற்றோரின் சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தட்டில் வைத்த உணவையும் மீதி வைத்ததையும் பெற்றோர் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினார்கள். குழந்தைகள் உடலசைவை அளக்கும் சிறு கருவியை அணிந்துகொண்டார்கள். உடலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க, முட்டை வடிவக் கூண்டு ஒன்றுக்குள் நீச்சலுடையோடு சில நிமிடம் உட்கார்ந்தார்கள். உள்ளே காற்றழுத்தம் மாறும் அளவை வைத்து உடலின் பருமனளவைக் கணக்கிட்டு, அதிலிருந்து அடர்த்தியையும், அடர்த்தியிலிருந்து கொழுப்பின் பங்கையும் கண்டுபிடிக்கும் கருவி அது.

முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. ஆய்வின் முதன்மைக் கேள்வி உடல் கொழுப்பைப் பற்றியது. அதில் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கொழுப்பு, பழம், காய், மிட்டாய், இனிப்புப் பானம், ஓட்டம், உட்காரும் நேரம் என்ற ஏழையும் சேர்த்து மதிப்பெண் போட்டுப் பார்த்தபோது, செயலி வைத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். தொடக்கத்திலேயே உடல் கொழுப்பு கூடுதலாக இருந்த குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

செயலி நின்று ஆறு மாதம் கழித்து, அதாவது தொடங்கி ஓராண்டு ஆனபின், குழு மறுபடியும் அளந்தது. இரு பிரிவுகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு மறைந்துபோயிருந்தது. கிடைத்த நல்ல செய்தியோடு நிறுத்திக்கொள்ளாமல் இதையும் அளந்து வெளியிட்ட அந்தக் குழுவுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனென்றால் இனி வரும் எல்லாச் செயலிகளும் விடை சொல்ல வேண்டிய கேள்வி அங்கேதான் பிறக்கிறது: போன் மௌனமானதும் பழக்கம் ஏன் கரைந்தது?

பழக்கம் என்பது எப்படி உருவாகிறது?

ஒரு செயல் பழக்கமாவதற்கு மூளை ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. ஒரே சூழலில், ஒரே தூண்டுதலுக்குப் பின், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது யோசனை தேவைப்படும் பட்டியலிலிருந்து நீங்கித் தானாக நடக்கும் பட்டியலுக்குப் போய்விடும். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு நாம் முடிவெடுப்பதில்லை. வாசற்படியே நமக்குத் தூண்டுதல்.

இதற்கு எத்தனை நாள் பிடிக்கும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரிடம் இதைச் சோதித்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் குடிப்பது போன்ற ஒரு சிறு செயலை அன்றாடம் செய்யச் சொல்லி, அது எவ்வளவு தானாக நடக்கிறது என்று தொடர்ந்து கேட்டார்கள். சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய சேதமில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு வாரம் முயன்றுவிட்டு "எனக்கு இது வராது" என்று கைவிடும் பெற்றோர் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நுட்பமான செய்தி உண்டு. 2015-இல் அதே பல்கலைக்கழகத்தில், பழக்கத்துக்கு உதவுவதாகச் சொல்லும் செயலிகளை ஆராய்ந்தார்கள். கைப்பேசியில் மணியடித்து நினைவூட்டினால் மக்கள் அந்தச் செயலைத் தவறாமல் செய்தார்கள். ஆனால் அது தானாக நடக்கும் பழக்கமாக மாறுவதற்கு அந்த மணியே தடையாக இருந்தது. அன்றாட நிகழ்ச்சி ஒன்றோடு செயலை முடிந்துகொண்டவர்களிடம் பழக்கம் வேர் பிடித்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. மணிக்குப் பழகியவர் மணிக்காகக் காத்திருக்கிறார். தூண்டுதல் போனுக்குள் இருக்கும்வரை பழக்கமும் போனுக்குள்தான் இருக்கும்.

ஸ்வீடனின் பலன் கரைந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஆய்வு முடிந்ததும் பெற்றோரின் கவனமும் தளர்ந்திருக்கும். ஆனாலும் இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு பாதை தெரிகிறது. நல்ல செயலி, தூண்டுதலைத் தன்னிடமிருந்து வீட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும். "மாலை ஐந்து மணிக்குப் பழம் கொடுக்கவும்" என்று தினமும் மணியடிப்பதைவிட, "அங்கன்வாடியிலிருந்து வந்து கைகால் கழுவியதும் வாழைப்பழம்" என்று ஒருமுறை முடிச்சுப் போட்டுக் கொடுப்பது நீடிக்கும். கைகால் கழுவுவது எப்படியும் நடக்கும். அதன் பின்னாலேயே பழமும் வரும்.

இந்த முடிச்சைப் பெற்றோரிடம் போட்டுப் பார்த்த ஆய்வும் உண்டு. 2013-இல் லண்டன் ஆய்வாளர்கள் இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் 126 பேரோடு எட்டு வாரம் வேலை செய்தார்கள். காயும் பழமும் பரிமாறுவது, நல்ல தின்பண்டம் கொடுப்பது, இனிப்பில்லாத பானம் கொடுப்பது ஆகியவற்றை வீட்டின் எந்த நிகழ்ச்சியோடு பிணைப்பது என்று பெற்றோரே முடிவு செய்தார்கள். பிள்ளைகள் உண்ட காய்களும் குடித்த தண்ணீரும் கூடின. இதில் பழக்கம் யாருடையது என்று கவனியுங்கள். பிள்ளையைத் திருத்த யாரும் முனையவில்லை. பரிமாறும் கை பழகியது, தட்டு மாறியது, தட்டைப் பார்த்து வளரும் பிள்ளையும் மாறியது.

செயலி எதில் உண்மையாக உதவும்?

முதல் உதவி, கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைப்பது. இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை 2016 ஜனவரியில் ஒரு செயலி வெளியிட்டது. கடையில் எடுக்கும் பொட்டலத்தின் பட்டைக்கோட்டுக்கு நேரே கைப்பேசியைக் காட்டினால், அதில் உள்ள சர்க்கரை வெள்ளைக் கட்டிகளாகத் திரையில் அடுக்கித் தெரியும். கட்டி ஒன்று 4 கிராம். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 5 கட்டிக்கு மேல் கூடாது என்பது அந்த நாட்டின் வரம்பு. "100 மில்லிக்கு 11 கிராம்" என்று எழுத்தில் இருப்பதைப் படிக்கும் தாய்க்கு எதுவும் உறைக்காது. ஒரு சிறு புட்டிக்குள் ஐந்தாறு கட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் கை தானாகப் பின்வாங்கும்.

இரண்டாவது உதவி, எண்ணி வைத்துக்கொள்வது. இது சாதாரணமாகத் தோன்றினாலும் குழந்தை உணவில் இதற்கு இணையான உதவி வேறில்லை என்பேன். ஓர் உணவைப் பிள்ளை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறையாவது அது தட்டுக்கு வர வேண்டியிருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளின் குடும்பங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலான பெற்றோர் மூன்றிலிருந்து ஐந்து முறை கொடுத்துப் பார்த்துவிட்டு "இதுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பெழுதிவிடுவது தெரிந்தது. பாதி வழியில் பேருந்தை விட்டு இறங்கிவிடுவது போலத்தான் இது.

லண்டனில் ஜேன் வார்டில் தலைமையில் 2003-இல் நடந்த ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. பிள்ளைக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு காயைப் பெற்றோர் 14 நாள் தொடர்ந்து ஒரு துண்டு சுவைக்கக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுப் பெற்றோருக்கு ஊட்டச்சத்து பற்றிய அறிவுரை மட்டும் வழங்கப்பட்டது. தினமும் சுவைத்த பிள்ளைகளிடம் அந்தக் காயின் மீதான விருப்பமும் உண்ணும் அளவும் கூடின. அறிவுரை கேட்ட வீடுகளில் அந்த மாற்றம் வரவில்லை. பெற்றோருக்குப் பக்கம் பக்கமாகக் கட்டுரை காட்டும் செயலியைவிட, "இன்று ஒன்பதாம் நாள், இன்னும் ஐந்து" என்று சொல்லும் செயலி உயர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாவது உதவி, பெற்றோரின் தன்னம்பிக்கை. "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற நம்பிக்கைக்கு உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா தம் கோட்பாட்டில் பெரிய இடம் கொடுத்தார். அந்த நம்பிக்கைக்குச் சிறந்த உரம், சிறிய வெற்றிகள். பிள்ளை இந்த வாரம் இரண்டு நாள் தண்ணீர் மட்டும் குடித்தது என்பதை வரைபடத்தில் பார்க்கும் தாய் அடுத்த வாரம் மூன்றாம் நாளுக்கு முயல்கிறாள். மினிஸ்டாப் செயலி இந்தக் கோட்பாட்டின் மீது கட்டப்பட்டதே.

செவிலியரின் கையிலிருந்து

முதல் சோதனையில் கற்றதை வைத்துக் குழு இரண்டாம் பதிப்பை அமைத்தது. இந்த முறை செயலி, ஆய்வுக்கூடத்திலிருந்து நலமையத்துக்கு இடம் பெயர்ந்தது. இரண்டரை முதல் மூன்று வயதுப் பிள்ளையோடு வரும் பெற்றோருக்குச் செவிலியரே அதை அறிமுகப்படுத்தினார். குடும்பம் பதிந்தவற்றைச் செவிலியர் பார்ப்பதற்குத் தனித் திரை இருந்தது. அடுத்த சந்திப்பில் பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். ஸ்வீடிஷ் மொழியோடு ஆங்கிலம், அரபி, சோமாலி மொழிகளிலும் செயலி கிடைத்தது. குடிபெயர்ந்து வந்து, ஸ்வீடிஷ் சரளமாகாத தாய்மாரையும் எட்ட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

552 குடும்பங்கள் கலந்துகொண்ட இந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. ஆறு மாத முடிவில், செயலி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு இனிப்பும் நொறுக்குத்தீனியும் சேர்த்து ஏறத்தாழ 7 கிராம் குறைவாகவும், இனிப்புப் பானம் ஏறத்தாழ 31 கிராம் குறைவாகவும் உட்கொண்டார்கள். திரை நேரம் 7 நிமிடம் குறைந்தது. பெற்றோரின் தன்னம்பிக்கை கூடியிருந்தது. உடல் நிறைக் குறியெண்ணில் இந்த முறையும் வேறுபாடு இல்லை.

ஏழு நிமிடம், ஏழு கிராம் என்றால் அற்பமாகத் தோன்றும். வாரக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இனிப்புப் பானத்தில் ஒரு டம்ளர் குறைகிறது. இனிப்பிலும் நொறுக்கிலும் ஏறத்தாழ 50 கிராம் குறைகிறது. முக்கால் மணி நேரத்துக்கும் மேல் திரையிலிருந்து விடுதலை கிடைக்கிறது. ஒரு குழந்தையின் இடுப்பளவை ஆறு மாதத்தில் இது மாற்றிவிடாது. ஆனால் நலமையத்துக்கு எப்படியும் வரும் குடும்பத்துக்கு, கூடுதலாக மருத்துவரோ கட்டடமோ இல்லாமல் ஒரு செயலி வழியாக இது கிடைக்கிறது. நாடு முழுவதும் கூட்டிப் பார்த்தால் தொகை பெரிது.

ஸ்வீடனுக்கு இதில் ஒரு பழைய பாடமும் உண்டு. 1940-களின் இறுதியில் லுண்ட் நகரத்து விப்பேஹோல்ம் மருத்துவமனையில் இருந்த அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கு, அவர்களின் சம்மதம் இன்றியே, பல்லில் ஒட்டும் மிட்டாயை ஏராளமாகக் கொடுத்துப் பல் சொத்தையைச் சோதித்தார்கள். மனசாட்சியை உறுத்தும் சோதனை அது. தின்னும் அளவோடு, அடிக்கடி தின்பதும் பல்லைக் கெடுக்கிறது என்று அதில் தெரியவந்தது. அதன்பின் "மிட்டாய் சனிக்கிழமை மட்டும்" என்ற அறிவுரை பரவி, அந்த நாட்டின் வழக்கமாகவே நிலைத்துவிட்டது. சனிக்கிழமை என்ற கிழமையே தூண்டுதலாகவும் வரம்பாகவும் அமைந்தது. அதை நினைவூட்ட எந்த மணியும் தேவைப்படவில்லை.

எங்கே சறுக்கும்?

செயலியைக் கையில் எடுத்ததும் சில பெற்றோருக்குக் காவல்காரர் மனநிலை வந்துவிடுகிறது. தின்றதையெல்லாம் எண்ணி, தின்னாததையெல்லாம் திட்டி, தட்டைப் பரீட்சைத் தாளாக்கிவிடுகிறார்கள். இது எதிர்விளைவைத் தரும். 1999-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிஷரும் லியான் பர்ச்சும் சிறு பிள்ளைகளின் கண்ணெதிரே ஒரு தின்பண்டத்தை வைத்து, அதை எடுக்கத் தடை போட்டார்கள். பிள்ளைகளின் பேச்சு முழுக்க அந்தத் தின்பண்டத்தைச் சுற்றியே இருந்தது. தடை நீங்கியதும் அதையே கூடுதலாக எடுத்தார்கள். கண்ணில் படும்படி வைத்துவிட்டுத் தடுப்பதைவிட, வீட்டுக்குள் வாங்கி வைக்காமலிருப்பது நல்லது.

"காயைத் தின்றால் ஐஸ்கிரீம்" என்ற பேரமும் அப்படித்தான். காய் என்பது கஷ்டப்பட்டுக் கடக்க வேண்டிய ஒன்று என்றும், ஐஸ்கிரீம் பரிசு என்றும் பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஒரு துண்டு சுவைத்துப் பார்த்ததற்கு ஸ்டிக்கர் ஒட்டுவதில் அந்த ஆபத்து குறைவு. லண்டன் ஆய்வுகளில் அது உதவியாகவே இருந்திருக்கிறது. உணவை உணவுக்கு லஞ்சமாக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் உரிமை. அமெரிக்க உணவியலாளர் எல்லின் சாட்டர் வகுத்த இந்தப் பங்கீட்டைச் செயலி மீறச் சொன்னால் செயலியைத்தான் விட வேண்டும்.

திரையைப் பார்த்துக்கொண்டு விழுங்கும் பிள்ளைக்கு "வயிறு நிறைந்துவிட்டது" என்ற உடலின் சொல் காதில் விழுவதில்லை. ஆகவே சாப்பாட்டு விளையாட்டு என்ற பெயரில் பிள்ளையின் கையிலேயே போனைக் கொடுக்கச் சொல்லும் செயலிகளில் எனக்கு நம்பிக்கையில்லை. பதிவதெல்லாம் தட்டைக் கழுவியபின் பெற்றோர் பதியட்டும்.

குழந்தையின் எடையும் உணவும் அந்தரங்கத் தகவல்கள். இலவசச் செயலி, விளம்பரத்துக்காக அவற்றைத் திரட்டலாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்கிறது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தைத் தடுக்கிறது. பிள்ளையின் பெயர், படம், இருக்குமிடம் ஆகியவற்றைக் காரணமில்லாமல் கேட்கும் செயலியை அழித்துவிடுங்கள்.

நம் நாட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-இல் 2.1 சதவீதம், 2019-21-இல் 3.4 சதவீதம். அதே ஆய்வில் எடை குறைந்தவர்கள் 32.1 சதவீதம். ஒரே தெருவில் இரண்டு வகைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "குறையுங்கள்" என்று மட்டும் சொல்லத் தெரிந்த செயலியை ஸ்வீடனிலிருந்து அப்படியே இறக்கிவிட முடியாது. ஆனால் அங்கே செவிலியர் இருந்த இடத்தில் இங்கே அங்கன்வாடி ஊழியர் இருக்கிறார். குழந்தைகளின் எடையும் உயரமும் பதிய 2021 முதல் அவர் கையிலும் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலி உண்டு. அந்தத் தகவல் மேலே போவதோடு நில்லாமல், தாயின் கைக்கு அவள் மொழியில் ஒரு சிறு யோசனையாகத் திரும்பி வந்தால் நமக்கும் ஒரு மினிஸ்டாப் அமையும்.

அந்த வீட்டில் பிறகு

அன்றிரவு அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பெரிய செயலி எதையும் அவள் தேடவில்லை. கைப்பேசியில் இருக்கும் குறிப்பேட்டில் பதினைந்து கட்டங்கள் போட்டுக்கொண்டாள். பிள்ளை குளித்து வந்ததும் தட்டு. தட்டு வந்தால் போன் படுக்கையறையில் சார்ஜுக்குப் போகும். தட்டின் ஓரம் ஒரு ஸ்பூன் பீன்ஸ் பொரியல். தின்னச் சொல்லிக் கெஞ்சக் கூடாது. தானும் அதே பொரியலைப் பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வேண்டும். பிள்ளை தூங்கியபின் கட்டத்தில் ஒரு குறி.

முதல் மூன்று நாள் அழுகை. பாதிச் சோற்றோடு எழுந்த நாளும் உண்டு. "இன்னிக்கு ஒரு நாள் காட்டிடவா மாமா?" என்று போன் செய்தாள். குறிப்பேட்டில் எத்தனை கட்டம் ஆயிற்று என்று கேட்டேன். "நாலு" என்றாள். பெரும்பாலானோர் கைவிடும் இடத்தில் நிற்கிறோம் என்று அவளுக்கே புரிந்தது. ஏழாம் நாள் பேத்தி ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாளாம். பத்தாம் நாள் நக்கினாள். பன்னிரண்டாம் நாள் கடித்துத் துப்பினாள். துப்பியதற்கும் குறி உண்டு என்று சொல்லியிருந்தேன்.

போன வாரம் மறுபடியும் போயிருந்தேன். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவள் தானே அலமாரியிலிருந்து தன் தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள். பீன்ஸ் இன்னும் அவளுக்கு முழுதாகப் பிடித்துவிடவில்லை. அன்று கொத்தவரங்காய். அம்மா தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு கிண்ணத்தை மூடப் போனபோது பேத்தி தன் தட்டின் ஓரத்தை விரலால் தட்டினாள்.

"இங்க வெக்கல."

கட்டங்கள் பதினைந்தும் எப்போதோ நிரம்பிவிட்டன. அந்தக் குறிப்பேட்டைத் திறந்தே மூன்று வாரமாயிற்று என்றாள் அவள் அம்மா.